நான்கு இன ஸ்பைடர் சாலிட்டேர்: நெடுநாள் ஆடிப் பார்த்ததில்

விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஸ்பைடர் என்ற தனியாள் சீட்டாட்டத்தை ஆடிய பலரும் ஒரு இனத்திலோ (ஸ்பேடு, ஹார்ட் போன்ற சீட்டு வகை) இரண்டு இனத்திலோ நின்றுவிடுவார்கள். நான்கு இனத்துக்கு மாறினால் ஆரம்பத்தில் தொடர்ந்து தோல்விதான். சீட்டு சரியாக விழவில்லை என்று தோன்றும். பெரும்பாலும் கெடுப்பது பழைய பழக்கம்.

இரண்டு கட்டு, 104 சீட்டு. முதலில் பத்து வரிசையில் 54 இறங்கும்: இடப்பக்கம் நான்கு வரிசையில் ஆறாறு, மற்ற ஆறில் ஐந்தைந்து. அதில் 44 கவிழ்ந்தே கிடக்கும். மிச்சம் 50, தடவைக்குப் பத்தாக ஐந்து தடவை விழும். ஒரே இனத்தில் ராஜா முதல் ஏஸ் வரை சேர்ந்தால் அந்த 13 சீட்டும் வெளியேறும்.

இனம் எதுவானாலும் 8 மேல் 7 வைக்கலாம். ஆனால் ஒரே இனமாக இருந்தால்தான் சேர்ந்து நகரும். ஸ்பேடு 8 மேல் கிளாவர் 7 வைத்தால் இரண்டும் கறுப்பு, கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். அந்த 8 மாட்டிக்கொண்டது பத்து நகர்த்தல் கழித்துத்தான் உறைக்கும். இனத்துக்கு ஒரு நிறம் காட்டும் வசதி செயலியில் இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இனம் மாறி வைத்தே ஆகவேண்டும் என்றால் பெரிய சீட்டிலிருந்து தொடங்குங்கள். ராணி, ஜாக்கி, 10 மூன்றும் மூன்று இனமாகத் திறந்திருந்தால், முதலில் ஜாக்கியை ராணி மேல் வைத்து, பிறகு 10. மாற்றிச் செய்தால் 10-ஐச் சுமந்த ஜாக்கி ராணிக்குப் போகாது.

இந்த ஆட்டத்தில் காலி வரிசைக்கு நிகர் எதுவும் இல்லை. முடிந்த தொடரைவிட அதற்கே மதிப்பு அதிகம். நான்கே சீட்டு கவிழ்ந்திருக்கும் வலப்பக்க வரிசைகளைத்தான் முதலில் குடையவேண்டும். ஒரு காலி வரிசை என்ன செய்யும் என்று பாருங்கள்: ஓரிடத்தில் ஹார்ட் 9 மேல் ஸ்பேடு 8, இன்னோரிடத்தில் ஸ்பேடு 9 மேல் ஹார்ட் 8. ஸ்பேடு 8-ஐக் காலி இடத்தில் இறக்கி, ஹார்ட் 8-ஐ ஹார்ட் 9 மேல் வைத்து, ஸ்பேடு 8-ஐ ஸ்பேடு 9-க்கு அனுப்பினால் மூன்றே நகர்த்தலில் இரண்டு ஜோடியும் இனம் சேர்ந்துவிடும். காலி இடமும் திரும்பக் கிடைக்கும். எக்ஸ்பியில் 500-இல் தொடங்கும் மதிப்பெண் நகர்த்தலுக்கு ஒன்று குறைகிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

காலி இடத்தில் ராஜாவை வைத்தால் அவன் தொடர் முடியும்வரை எழமாட்டான். அவன் இருந்த பழைய வரிசையில் அவனுக்குக் கீழே கவிழ்ந்த சீட்டு இருந்தாலோ, அதே இன ராணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலோ மட்டும் வையுங்கள்.

அடுத்த பத்தை இறக்கும் முன் எல்லா வரிசையிலும் சீட்டு இருக்கவேண்டும் என்பது விதி. காலி இடத்தை நிரப்ப நல்ல தொடரை உடைக்காதீர்கள். இனம் மாறி ஒட்டியிருக்கும் கடைசிச் சீட்டு போதும். விழுகிற ஏஸ் மேல் எதையும் வைக்க முடியாது. ஐந்தாவது தடவை இறக்கியபின் வழி அடைபட்டால், செயலி விட்டால் அன்டூவில் (நகர்த்தலைத் திரும்பப் பெறும் வசதி) நான்காவது தடவைக்கு முன்பு வரை போய்ப் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேயே, காலி வரிசை இருந்தும் இனம் சேர்க்காமல் சீட்டை இறக்கிய இடத்தில், தொடங்கியிருக்கும்.