வீட்டுப் பட்டறைக்கு மிக் வெல்டர்: சிலிண்டரோடு வாங்குவதா, சிலிண்டர் இல்லாமலா?

வயர் தானாக ஓடிவந்து உருகி இரும்பை ஒட்டும் மிக் வெல்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஆம்ப்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அதை இரண்டாவதாகக் கேட்கலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது கேஸ், அதாவது உருகும் இரும்பில் காற்று படாமல் காக்கும் வாயு. சிலிண்டர் வைக்க இடம் இருக்கிறதா, அதை நிரப்பி வர வழி இருக்கிறதா, வேலை நான்கு சுவருக்குள் நடக்குமா, வெட்டவெளியிலா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி மெஷின்கள் தானாகவே கழிந்துவிடும்.

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டறையைத் திறக்கும் ஒருவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஃபிளக்ஸ் வயரில் (உள்ளே பொடி அடைத்த, கேஸ் தேவைப்படாத வயர்) மட்டும் ஓடும் சின்ன இன்வெர்ட்டர் (எலக்ட்ரானிக் சர்க்யூட்டில் ஓடும், எடை குறைந்த வெல்டிங் மெஷின்). இரண்டு, கேஸ், ஃபிளக்ஸ் வயர் இரண்டிலும் ஓடும் 200 ஆம்ப் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர். மூன்று, யாரோ பட்டறையை மூடும்போது விலைக்கு வரும் பழைய மூன்று பேஸ் டிரான்ஸ்ஃபார்மர் மெஷின். மூன்றாவதை நான் சீக்கிரமே ஒதுக்கிவிடுவேன். உழைப்புக்கு அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, ரிப்பேர் பார்ப்பதும் எளிது. ஆனால் நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். வோல்டேஜைப் படிப்படியாகத்தான் மாற்ற முடியும் என்பதால், 1 மி.மீ. தகட்டுக்குத் தேவையான மெல்லிய சூட்டை அதில் பிடிப்பது கஷ்டம். லாரி பாடி கட்டுபவருக்கு அது சரி. மேசை, ஷெல்ஃப், செடி ஸ்டாண்டு செய்பவருக்கு வேண்டாம்.

மற்ற இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி. 1.2 மி.மீ. சதுர டியூப் இரண்டை மூலை சேர்த்து இரண்டு மெஷினிலும் அடித்துப் பாருங்கள். கேஸ் போட்டு 0.8 மி.மீ. சாலிட் வயரில் (பொடி இல்லாத முழுக் கம்பி) அடித்த ஓட்டில், அதாவது வெல்டிங் கோட்டில், கசடே இருக்காது. லேசாக கிரைண்டர் காட்டினால் பெயின்டுக்குத் தயார். ஃபிளக்ஸ் வயரில் அடித்தால் மேலே கசடு படியும், சுற்றிலும் உருண்டை உருண்டையாகச் சிதறல் ஒட்டும், புகையும் அதிகம். சுத்தியலால் தட்டி, வயர் பிரஷ் போட்டு, பிறகுதான் கிரைண்டரைக் கையில் எடுக்க முடியும். மெல்லிய டியூப்பில் ஓட்டை விழும் வாய்ப்பும் அதிகம். வயர் விலையும் கிலோவுக்கு நன்றாகவே கூடுதல். இவ்வளவு இருந்தும் ஃபிளக்ஸ் வயரை நான் தள்ளிவிட மாட்டேன், காரணம் காற்று. கேஸ் மிக்குக்குக் காற்று ஆகவே ஆகாது. சேலத்து ஏப்ரல் வெயிலில் ஃபேன் இல்லாமல் ஷெட்டுக்குள் நிற்க முடியாது. அந்த ஃபேனை டார்ச் (வயரும் கேஸும் வெளிவரும் கைப்பிடி) பக்கம் திருப்பினாலே போதும், கேஸ் கலைந்து ஓட்டு முழுக்க ஊத்தப்பம் மாதிரி துளை துளையாகிவிடும்.

ஆம்ப் கணக்குக்கு வருவோம். இரும்புக்கு மி.மீ.க்கு சுமார் 40 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளலாம். 2 மி.மீ.க்கு 80, 3 மி.மீ.க்கு 120. வீட்டு வேலை பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஒரு சாதாரண இன்வெர்ட்டர் 100 ஆம்ப் கொடுக்க, லைனிலிருந்து ஏறக்குறைய 14 ஆம்ப் இழுக்கும். அதாவது மோட்டார் ஓடும் 15 ஆம்ப் பிளக்கின் எல்லையே அதுதான். முழு 200 ஆம்ப் வேண்டுமென்றால் 30 ஆம்புக்கு மேல் தாங்கும் தனி லைனும் எம்.சி.பி.யும் போட வேண்டும். ஆகவே பெட்டியின் மேல் 250 என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்பக்கத் தகட்டில் டியூட்டி சைக்கிளைப் பாருங்கள். 200 ஆம்பில் 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் அடிக்கலாம் என்று அர்த்தம். அந்தக் கணக்கும் பொதுவாக 40 டிகிரி சூட்டுக்குப் போட்டது. மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே மதியம் அதைவிடச் சூடு ஏறும். அதனால் தேவைக்கு மேலே கொஞ்சம் இருப்பு வைத்து வாங்குவது நல்லது.

கேஸ் என்று முடிவானால் சிஓடூவா (கார்பன் டை ஆக்சைடு), ஆர்கான் கலவையா? சிஓடூ மலிவு, நன்றாக ஊடுருவும், சிதறல் கூடுதல். 80 பங்கு ஆர்கான், 20 பங்கு சிஓடூ கலவை மெல்லிய தகட்டில் அழகாக ஓடும், செலவு அதிகம். பழகும் வரை சிஓடூவே போதும். ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சிஓடூ சிலிண்டரில் திரவமாக இருப்பதால், திரவம் தீரும் வரை மீட்டர் முள் பெரிதாக இறங்காது. எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். தொடர்ந்து அடித்தால் ரெகுலேட்டர் உறையும். ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. எவர்சில்வர் தகடு செய்யும் ஸ்டீல் பிளான்ட் சேலத்தில் இருப்பதால் எவர்சில்வர் அடிக்கும் ஆசை பலருக்கும் உண்டு. அதற்கு வெறும் சிஓடூ ஆகாது. 308எல் என்ற எவர்சில்வர் வயரும், 2 சதவீதம் சிஓடூ கலந்த ஆர்கானும் வேண்டும். அந்த வேலைதான் அதிகம் என்றால் டிக் மெஷின் (உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடித்து அடிப்பது) பக்கம் போங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்குக் கணக்கு வேறு. காபித் தோட்டத்து கேட், வேலி, ஸ்ப்ரேயர் ஸ்டாண்டு எல்லாம் வெட்டவெளி வேலை, காற்றும் சேர்ந்துகொள்ளும். கேஸ் தீர்ந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏற வேண்டும். அங்கே ஃபிளக்ஸ் வயர் மெஷினே என் தேர்வு. கனமான ஆங்கிள் மட்டும்தான் என்றால் சாதாரண ஆர்க் இன்வெர்ட்டரும் ராடும் போதும், மிக்கே தேவையில்லை. ஆனால் பனிமூட்டம் வயரைச் சும்மா விடாது. சாலிட் வயர் துருப்பிடித்து, அது ஓடிவரும் லைனர் குழாயை அடைக்கும், ஃபிளக்ஸ் வயர் ஈரத்தை இழுத்து ஓட்டில் துளை விடும். வேலை முடிந்ததும் ஸ்பூலைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுங்கள்.

கீழே சேலத்தில், ஷெட் உள்ளவருக்கு நான் சொல்வது இரண்டாவது மெஷின்தான். அதை வாங்கும்போது போலாரிட்டி (பாசிட்டிவ், நெகட்டிவ் இணைப்பு) மாற்றும் வசதி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கேஸுக்கு டார்ச் பாசிட்டிவ், கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் வயருக்கு டார்ச் நெகட்டிவ். இதை மாற்ற முடியாத மெஷினைத் தொடாதீர்கள். டார்ச் கழற்றி மாட்டும் யூரோ வகையாக இருக்கட்டும். டார்ச்சோ லைனரோ போனால் எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். சாலிட் வயருக்கு வி பள்ளம், ஃபிளக்ஸ் வயருக்குச் சொரசொரப்புப் பள்ளம் என்று வயரைத் தள்ளும் ரோலர் இரண்டும் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து டியூப் துண்டு இரண்டை எடுத்துப் போய், அந்த மெஷினிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வயர் சீராக வந்தால் விட்டுவிட்டு வெடிக்காமல் ஒரே சடசடப்பாகக் கேட்கும். அடித்துக் காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.