மூன்றாவது வருஷமாக ஹார்மோன் ஜெல்

நாத்தனார் நேற்று ராத்திரி போன் செய்தாள். "அண்ணி, மாதவிடாய் நிற்கிற சமயத்துத் தொல்லைக்கு எனக்கும் டாக்டர் ஹார்மோன் எழுதிக் கொடுத்திருக்கார். ஆரம்பிக்கட்டுமா?" அவளுக்கு 48. எனக்கு 52. மூன்று வருஷமாக ஈஸ்ட்ரோஜன் ஜெல், ராத்திரி ஒரு புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல்.

முதலில் திட்டிவிடுகிறேன். இந்த ஜெல் காயவே காயாது. குளித்துவிட்டு இரண்டு கையிலும் தோள்வரை தடவி, ஃபேனை ஐந்தில் வைத்து, சோளக்கொல்லை பொம்மை மாதிரி நிற்க வேண்டும். ஐந்து நிமிஷம் என்கிறார்கள். சென்னையில் மே மாதம் அந்தக் கணக்கு செல்லாது. கரண்ட் போனால் தீர்ந்தது, ரவிக்கைக் கை பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகும் ஒரு மணி நேரம் அந்த இடம் குழந்தைகள் மேல் படக்கூடாது. மாடி வீட்டு வாண்டு தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். தொடையிலும் தடவலாம் என்று தெரியவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

மாத்திரையாகவே விழுங்கலாமே? விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும், தோல் வழியே போனால் அந்தத் தொல்லை குறைவு என்றார் டாக்டர். கர்ப்பப்பை இருப்பதால் கேப்ஸ்யூலும் கட்டாயம். இல்லாவிட்டால் ஈஸ்ட்ரோஜனால் அதன் உள்சுவர் தடித்துப் புற்றில் போய் முடியலாம். நான் எதிர்பார்க்காத சுகம் அந்தக் கேப்ஸ்யூல்தான். போட்ட கொஞ்ச நேரத்தில் கண் சொருகும். முன்பெல்லாம் இரவில் மூன்று தடவை வியர்வையில் நைட்டி நனைந்து எழுந்து, கரண்ட் போயிற்றா என்று அண்ணாந்து பார்ப்பேன். ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பயத்தில் பத்து மாதம் தள்ளிப்போட்டவள்தான் நானும். 2002-இல் பாதியில் நிறுத்திய அமெரிக்க ஆய்வில், ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்று பத்தாயிரம் பேருக்கு வருஷத்தில் 8 கூடுதல். அவர்களின் சராசரி வயது 63, மருந்தும் வேறு வகை. அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலோருக்கு நன்மைதான் அதிகம் என்கிறார்கள் இப்போது. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆனால் நேற்று காலைதான் மேமோகிராம், அதுதான் மார்பக எக்ஸ்ரே, எடுத்துவிட்டு வந்தேன். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை. அதனால் அவளிடம், "வேண்டாம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு" என்று சொல்லி போனை வைத்தேன்.

அப்புறம் கேப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.