பெண் பிள்ளைகளுக்கு 6-ம் நம்பர்தான்: வில்சன் டபிள்யூ.என்.பி.ஏ. பந்து எப்படி?

உடுமலைப் பக்கம் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் பெயர் போட்டு வில்சன் கம்பெனி விற்கிற பந்து இருக்கிறதே, ஆரஞ்சும் வெளிர்வெள்ளையும் மாறி மாறி வருமே, அதை வாங்கலாமா என்று பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்த மைதானத்துக்கு என்று முடிவு பண்ணிவிட்டு வாங்குங்கள்.

முதலில் சைஸ். இது 6-ம் நம்பர். சுற்றளவு 28.5 அங்குலம், எடை சுமார் 567 கிராம். ஆண்கள் ஆடுகிற 7-ம் நம்பர் 29.5 அங்குலம், எடை 620 கிராமுக்குப் பக்கம். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். எட்டாவது படிக்கிற பிள்ளை கையில் 7-ம் நம்பரைக் கொடுத்து நின்று பாருங்கள், பந்து கூடைக்கு எட்டாது என்று நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளும், முழங்கை வெளியே விரியும், உடம்பே ஒரு பக்கம் திரும்பிவிடும், அப்படியே பழகியும் போய்விடும். அதே பிள்ளைக்கு 6-ம் நம்பர் கிடைத்தால் முழங்கை மெல்ல உள்ளே வருகிறது, பந்து விரல் நுனியிலிருந்து சுழன்று கிளம்புகிறது. (12 வயதுக்குக் கீழே என்றால் 5-ம் நம்பர் போதும்.)

இவ்வளவு இருந்தும் பல பள்ளிகளில் பையன்கள் ஆடித் தேய்த்த 7-ம் நம்பர்தான் பெண்கள் பக்கம் வருகிறது. ஒரு கடையில் என்னிடமே "எல்லாம் ஒரே பந்துதானுங்க அக்கா, புள்ளைங்க வளந்தா சரியாப் போயிரும்" என்றார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. 2024-இல் அமெரிக்க ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.வின் ஆல்-ஸ்டார் விழாவில் பெண்கள் லீக்கின் சப்ரினா அயோனெஸ்குவும் ஆண்கள் லீக்கின் ஸ்டீபன் கரியும் மூன்று புள்ளிப் போட்டி போட்டார்கள். இருவரும் ஆண்கள் லீக்கின் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்துதான் எறிந்தார்கள், அவரவர் லீக் பந்தில். கரி 29, சப்ரினா 26. உலகத்தின் மிகச் சிறந்த ஷூட்டரை அப்படி நெருக்கியவரின் கையில் இருந்தது 6-ம் நம்பர். அதே ஆண்டு அவருடைய நியூயார்க் லிபர்ட்டி அணி முதல் முறையாகக் கோப்பையும் வென்றது, 1997-இல் லீக் தொடங்கியதிலிருந்து ஆடி வருகிற அணி அது.

சரி, பந்துக்கு வருவோம். மேல்தோலில் இருக்கிற சொரசொரப்பு நன்றாக இருக்கிறது, வியர்த்த கையிலும் வழுக்குவதில்லை. கோடுகள் ஆழமாக இருப்பதால் சின்ன விரல்கள் சட்டென்று பிடி கண்டுபிடிக்கின்றன. இரண்டு நிறம் இருப்பதால் பந்து நேராகப் பின்னோக்கிச் சுழல்கிறதா, கோணலாகச் சுழல்கிறதா என்று தூரத்தில் நின்றே பார்த்துவிடலாம். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. அழகுக்காக மட்டும் வைத்த நிறம் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

உள் அரங்குக்கான மாடலைச் சிமெண்ட் தரைக்குக் கொண்டுவராதீர்கள். எந்தக் கம்பெனிப் பந்தானாலும் இதுதான் கதை, அந்த மென்மையான தோல் மரத் தரைக்குச் செய்தது. நம்ம ஊர் மைதானத்துக்கு வெளியில் ஆடுகிற மாடலைக் கேட்டு வாங்குங்கள். கோடுகளுக்குள் மண் ஏறும்தான், ஆடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போகும். அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது அடிக்கிறபோது தூரத்து ஷாட் எல்லாம் ஒதுங்கிப் போகும், 6-ம் நம்பர் எடை குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அந்த மாதத்தில் நான் லே-அப்பும் (கூடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் பந்தைப் போடுவது) பாஸும்தான் வைத்துக்கொள்கிறேன்.

விலை கூடுதல்தான். பயிற்சிக்கு மட்டும் என்றால் நிவியா, காஸ்கோவிலும் 6-ம் நம்பர் கிடைக்கிறது, அதுவே போதும். ஆனால் பந்தின் மேல் இருக்கிற லீக் பெயருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு யாரு மிஸ் இவங்கெல்லாம் என்று கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். முதல் நான்கு கோப்பையையும், 1997 முதல் 2000 வரை, ஹூஸ்டன் காமெட்ஸ் வரிசையாக வென்றது. 2008-இல் அந்த அணியே கலைக்கப்பட்டுவிட்டது. 2025-இல் லாஸ் வேகஸ் ஏசஸ் அணி ஆகஸ்ட் தொடக்கத்தில் மினசோட்டா அணியிடம் 53 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது, ஊரே கைகழுவியிருக்கும், அடுத்த 16 லீக் ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து, கடைசியில் இறுதித் தொடரில் ஃபீனிக்ஸ் அணியை 4-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது, அந்த அணியின் நட்சத்திரம் ஏ'ஜா வில்சன் முன்னால் நின்று இழுத்துக்கொண்டு போனார். இதைக் கேட்ட பிறகு தோற்ற மறுநாள் பயிற்சிக்கு வராமல் இருக்கிற பிள்ளை எங்களிடம் குறைந்திருக்கிறது. கோவையில் ஆண்களுக்கான நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையோடு சேர்த்து நடக்கிற பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டிக்கும் கூட்டிக்கொண்டு போங்கள், இதே சைஸ் பந்தைப் பெரிய அக்காக்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

பந்து பெரும்பாலும் காற்று குறைவாகத்தான் வரும். வால்வு பக்கத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள், ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள். ஆன்லைனில் வாங்கினால் விவரத்தில் 6 என்று இருக்கிறதா என்பதை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், ஒரே படத்தைப் போட்டு 7-ம் நம்பரையும் விற்கிறார்கள்.