கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடிப் பெரம்பலூர் போய் வந்தேன்

மலேசியாவில் கிள்ளானிலிருந்து கிளம்பும்போது கையில் இரண்டே இரண்டு தாள். ஒன்று கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அதில் பிறந்த இடம் 'இந்தியா', அவ்வளவுதான். இன்னொன்று 1950-களில் ஊரிலிருந்து வந்த ஒரு நீலக் கடுதாசி. பூச்சி அரித்து ஊர்ப் பெயரில் பாதி போய்விட்டது, அதன் கீழே 'பெரம்பலூர் தாலுகா, திருச்சி ஜில்லா' என்பது மட்டும் தெளிவாக இருந்தது. பெரம்பலூர் 1995-லேயே தனி மாவட்டமாகிவிட்டது என்பதை யோசிக்காமல் முதல் நாளைத் திருச்சியில் கழித்தேன். பழைய தாளில் திருச்சி ஜில்லா என்று இருந்தால் அது இன்று எந்த மாவட்டம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குத் தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் பதிவு இருக்கிறது, எந்தக் கப்பல் என்பதும் தெரியும். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-ல் நின்றுபோனது. அதற்கப்புறம் கங்காணியோடு, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவரோடு, வந்தவர்கள் அப்படி ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டு வந்தவர்கள் இல்லை, அந்த மாதிரிப் பதிவை அவர்களுக்கு எதிர்பார்க்க முடியாது. கொள்ளுத்தாத்தா 1927-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார் என்பது எங்கள் வீட்டில் வாய்வழியாக வந்த செய்திதான். அதனால் கப்பல் பக்கமிருந்து தேடாமல் ஊர்ப் பக்கமிருந்து தேடலாம் என்று முடிவு செய்தேன்.

கடுதாசியில் மிஞ்சியிருந்த எழுத்துகளோடு ஒத்துப்போகும் ஊர்கள் இரண்டு. முதல் ஊரின் வி.ஏ.ஓ. பொறுமையாகக் கேட்டார். கம்ப்யூட்டரில் பட்டா பார்த்தால் இப்போதைய பெயர்தான் வரும், 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். நடந்தபோது சர்வே எண்களில் உட்பிரிவு எல்லாம் மாறியிருக்கும், 1920-களில் ஊரைவிட்டுப் போனவரை அதில் பிடிக்க முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். இழுத்தடிக்காமல் இப்படிச் சொன்னதே பெரிய உதவி.

பிறப்பு இறப்புப் பதிவு எனக்குக் கைகொடுக்கவில்லை. 1899-லேயே அதற்கு மதராஸ் மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது, ஏடுகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு அலுவலகத்தில் மூன்று நாள் 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பி, நான்காம் நாள் காட்டிய ஏட்டில் பல வரிகளில் பிள்ளையின் பெயரே இல்லை. தகப்பன் பெயர், 'ஆண்', தேதி, முடிந்தது. பெயர் வைக்கும் முன்னாலேயே பதிவு செய்துவிடுவார்கள் அல்லவா. வெளிநாட்டிலிருந்து எண்ணி நாள் வைத்து வருகிறவர்களுக்கு அந்த மூன்று நாள் எவ்வளவு பெரியது என்று அங்கே யாராவது நினைத்துப் பார்த்தால் நல்லது.

வழி பிறந்தது பத்திர ஆபீசில்தான். வில்லங்கம் என்றால் எல்லாரும் சர்வே எண் கேட்பார்கள், எண் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவோம். ஆனால் பதிவு அலுவலகத்தில் சொத்து வாரி அட்டவணையோடு பெயர் வாரி அட்டவணையும் உண்டு. பெயர், தகப்பன் பெயர், உத்தேச வருடம் சொன்னால் தேடலாம். இதை எனக்குச் சொன்னவர் வாசலில் உட்கார்ந்திருந்த ஆவண எழுத்தர் ஒருவர், மனுவையும் அவரே எழுதிக் கொடுத்தார். 1925 முதல் 1930 வரை தேடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து நகல் கிடைத்தது. 1927, அறுபது ரூபாய்க்கு அரை ஏக்கர் புன்செய் அடமானம். எழுதிக் கொடுத்தவர் எங்கள் கொள்ளுத்தாத்தா, அவர் தகப்பன் பெயர், 'ஜீவனம் பயிர்', ஊர்ப் பெயர் முழுசாக. இரண்டாவது ஊர். நான்கு எல்லை சொல்லும் இடத்தில் 'தம்பி நிலத்துக்கு மேற்கு' என்று இருந்தது. அவருக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தத் தம்பியின் பேரன் இன்றும் அதே ஊரில் இருக்கிறார், எழுபது தாண்டியவர். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் "நம்ம சாமி எது?" என்று கேட்டார். செல்லியம்மன் என்றேன். விளக்கேற்றும்போதெல்லாம் எங்கள் பாட்டி அந்தப் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுவார். "அப்ப நீ எனக்கு மக முறைம்மா, உள்ள வா" என்றார். நான் பையிலிருந்து எடுத்த நகலை அவர் பார்க்கவே இல்லை. உள்ளே போய்த் தகரப்பெட்டியிலிருந்து அசல் பத்திரத்தையே எடுத்து வந்தார், கடனை அவர் தாத்தாதான் அடைத்து மீட்டாராம். அடியில் கருநீலத்தில் ஒரு பெருவிரல் ரேகை, ஓரம் கொஞ்சம் இழுபட்டிருந்தது. எங்களிடம் கொள்ளுத்தாத்தாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அதன் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன், என்னுடையதைவிட அகலம்.

அப்புறம் கோயில் நோட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் கணக்கு அது. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. பழைய நோட்டு கிழிந்தால் புதுசில் பார்த்து எழுதுவார்களாம், பங்காளி வகையறா வரிசை மாறாமல். எங்கள் வகையறாவில் கொள்ளுத்தாத்தா பெயருக்கு எதிரே 'மலாயா' என்று எழுதி, வரித் தொகை இருக்க வேண்டிய இடத்தை வெறுமனே விட்டிருந்தார்கள். நான்கு நோட்டு மாறியும் யாரும் அந்த வரியை எடுத்துப் போடவில்லை. வம்சாவளி தேடுகிறவர்கள் தாலுகா ஆபீசுக்குப் போகும் முன் குலசாமி எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கொள்ளுப்பாட்டியைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. பத்திரத்தில் அவர் இல்லை, தலைக்கட்டு நோட்டில் பெண் பெயர் கிடையாது. பொறந்த வீடு ஆத்தூர் பக்கம் என்று அந்தப் பெரியவர், முறைக்கு எனக்குப் பெரியப்பா, கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவே. அடுத்த தடவை பத்து நாளும் அவருக்குத்தான். கிளம்பும் முன் பெரியப்பா அந்த வரியின் கீழே என் தாத்தா பெயர், அப்பா பெயர், என் தம்பி பெயர் மூன்றையும் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். "உன் பேரையும் சொல்லும்மா, ஓரத்துல எழுதி வைக்கறேன்" என்றார்.