அந்த மோடு பட்டனை அங்கே வைத்தது யார்? மூன்று வருட லைட் க்யூர் அனுபவம்

பல் அடைப்பை நீல ஒளி காட்டி இறுக வைக்கும் லைட் க்யூர் கருவிக்குப் போன வாரம் பேட்டரி மாற்றியாச்சு. அதே வாரம் களியக்காவிளை நண்பர் ஒருவர் கேட்டார்: "விலை எறங்கியிருக்கே டே, எடுக்கலாமா?" வாங்கும்போது 9,000 ரூபாய், இப்போது 6,500. மார்த்தாண்டத்தில் ஒற்றை நாற்காலி கிளினிக்கில் மூன்று வருடம் ஓடிய கருவி இது. பேனா மாதிரி, வயர் இல்லாதது, நீல எல்இடி. கம்பெனி பெயர் வேண்டாம். பல் டாக்டர்கள் படித்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோகும்.

இதன் தலை தட்டை. எல்இடி தலையிலேயே இருப்பதால் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் குழல் கிடையாது. வெற்றிலை பாக்கு போட்டுப் போட்டு இறுகிய, இரண்டு விரல் நுழையாத வாயிலும் மேல் கடைவாய் இரண்டாம் பல் வரை போகும். அதுவும் பல்லுக்கு நேராக நிற்கும், சாய்ந்து அல்ல. பழைய குழல் கருவி வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும்: பைப் தண்ணீர் ஊற்றி ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்குவது) செய்தால் குழல் முனையில் வெள்ளைப் படலம் ஏறி வெளிச்சம் மங்கும். இடவப்பாதி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தாலும் இது கவலைப்படாது.

ஒளியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட்டில், ஒளி பட்டதும் இறுக்கத்தைத் தொடங்கிவைக்கும் காம்ஃபர்குயினோன் 470 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தை வாங்கிக்கொள்ளும். ரொம்ப வெள்ளையான ப்ளீச் ஷேடுகளில் அதே வேலைக்குச் சேர்க்கும் டிபிஓவுக்கு 400-ஐ ஒட்டிய ஊதா வேண்டும். இதில் ஊதா சில்லும் உண்டு, ஆனால் ஒரு மூலையில். ஆகவே வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) ஒட்டும்போது ஒரு தடவை காட்டியபின் தலையைக் கால் திருப்பு திருப்பி இன்னொரு தடவை காட்ட வேண்டும். ஸ்டாண்டில் ஒளியை அளக்கும் ரேடியோமீட்டர் இருக்கிறது. அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. முதல் நாள் எண்ணைக் குறித்து வைத்து வாராவாரம் அதனோடு ஒப்பிடத்தான் அது உதவும். எண் இறங்கினால் பத்தில் ஒன்பது தடவை லென்ஸில் காம்போசிட் துணுக்கு காய்ந்து ஒட்டியிருக்கும். பிளேடால் சுரண்டாதீர்கள், பிளாஸ்டிக் கருவியால் தள்ளிவிட்டு, பாலிஷ் செய்யும் ரப்பர் கப்பால் மெதுவாகத் தேய்த்தால் போகும்.

இனி பட்டன்.

உடம்பில் இரண்டு பட்டன். பெரியது ஆன் செய்ய. அதற்குச் சரியாக ஒரு விரல் அகலம் கீழே, மோடு மாற்றும் சின்னது. சாதாரணம், மென்மை, டர்போ என்று மூன்று மோடு. பேனா பிடிப்பில் மேல் பற்களுக்குப் போகும்வரை பிரச்சினை இல்லை. கீழ்க் கடைவாய்க்குக் கையைக் கவிழ்த்துப் பிடித்தால், கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் இடம் அந்தச் சின்னப் பட்டன். கிளவுஸ் போட்ட விரலுக்கு அது அழுந்தியதே தெரியாது. எந்த மோடு என்று காட்டும் விளக்கு பக்கவாட்டில். கவிழ்த்துப் பிடிக்கும்போது அது நோயாளியின் மூக்கைப் பார்க்கும். எல்லா மோடுக்கும் ஒரே பீப். கருவி தூங்கி எழுந்தாலும் கடைசியாக இருந்த மோடிலேயே எழும், பழைய நிலைக்குத் திரும்பாது. இதை வரைந்தவர் ஒரு நாளாவது கீழ் 36-ஆம் பல்லை (இடது முதல் கடைவாய்ப் பல்) அடைத்திருப்பாரா என்று சந்தேகம்.

இது வெறும் எரிச்சலா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண மோடில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட், 20 விநாடி. மொத்தம் 20 ஜூல். மென்மையான மோடில் முதல் 10 விநாடி பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறி 1000-ஐத் தொடும்; அதில் 5 ஜூல்தான். மீதி 10 விநாடியில் 10. ஆக 15. டர்போவில் 2500 மில்லிவாட், 3 விநாடி, 7.5 ஜூல். டர்போ பரவாயில்லை, மூன்றே விநாடியில் பீப் நின்றுவிடுவதால் காது பிடித்துவிடும், திரும்பக் காட்டலாம். மென்மையான மோடுதான் ஆளைக் கவிழ்ப்பது. அதே 20 விநாடி, அதே பீப், கால் பங்கு ஒளி குறைவு, ஒருவருக்கும் தெரியாது.

2 மி.மீ அடுக்குக்கு 16 ஜூல் என்று பலர் கணக்கு வைப்பார்கள். கிளாஸ் டூ (பக்கத்துப் பல்லைத் தொடும் பக்கத்தில் வரும்) குழியின் ஈறு ஓரத் தளம் லென்ஸிலிருந்து 6, 7 மி.மீ தள்ளி இருக்கும்; அந்தத் தூரத்தில் பல கருவிகளின் ஒளி பாதிக்கு இறங்கிவிடும். 15-இல் பாதி என்றால் 7.5. மேலே புரோப் வைத்துக் குத்தினால் கல் மாதிரி இருக்கும், அடியில் வேகாத மாவு. சில மாதம் கழித்து "சாரே, தண்ணி குடிச்சா கூசுது" என்று பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். எக்ஸ்ரேயில் அடைப்புக்கு அடியில் கறுப்பு. தப்பு பாண்டிங் (அடைப்பைப் பல்லோடு பிடிக்கவைக்கும் பசை) மேல் விழும், உமிழ்நீர் மேல் விழும், பட்டனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எந்தக் கருவியானாலும், அடைக்கும்போது பல்லைச் சுற்றிக் கட்டும் மெட்டல் மேட்ரிக்ஸைக் கழற்றியபின் கன்னப் பக்கம் 20, நாக்குப் பக்கம் 20 விநாடி கூடுதலாகக் காட்டிவிடுவது நல்லது. இந்தக் கருவிக்கு அது கட்டாயம்.

நம்பாதவர்கள் மிச்சக் காம்போசிட்டை வைத்துச் சோதிக்கலாம். 4 மி.மீ விட்டம், 6 மி.மீ உயரமுள்ள உலோகக் குழாயில் நிரப்பி, மேலும் கீழும் மைலார் ஸ்ட்ரிப் (மெல்லிய பிளாஸ்டிக் பட்டை) வைத்து, மேலிருந்து மட்டும் ஒளி காட்டுங்கள். வெளியே தள்ளி, அடியில் இளகியதைப் பிளாஸ்டிக் ஸ்பேச்சுலாவால் சுரண்டுங்கள். நிற்கும் நீளத்தில் பாதிதான் க்யூர் ஆழம், 5 மி.மீ நின்றால் 2.5. அடைப்புப் பொருள்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4049 சொல்லும் சோதனையும் இதுதான். சாதாரணம், மென்மை இரண்டு மோடிலும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கேப் (கிரவுன்) ஒட்டும்போது கோபம் இன்னும் ஏறும். கல்ஃபிலிருந்து 30 நாள் லீவில் வந்தவருக்கு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் கிரவுன். 5 சதவீத ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் 20 விநாடி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, பிடிப்புக்குச் சிலேன் 60 விநாடி, ரெசின் சிமெண்ட் வைத்து அழுத்தியாச்சு. இப்போது பக்கத்துக்கு 2, 3 விநாடி ஒளி காட்டி, ஓரத்தில் பிதுங்கிய சிமெண்டை ஜெல்லி பதத்துக்குக் கொண்டுவந்து ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். சாதாரண மோடில் 3 விநாடிக்கு 3 ஜூல். மென்மையான மோடில் அதே 3 விநாடிக்கு அரை ஜூல்கூட இல்லை. சிமெண்ட் நூலாக இழுபடும், கிரவுனும் நகரும். டர்போவில் 7.5 ஜூல்; ஆறாம் பல்லுக்கும் ஏழாம் பல்லுக்கும் நடுவில் சிமெண்ட் கல்லாகிவிடும். ஃப்ளாஸ் விட்டால் நார் நாராகக் கிழியும். அப்புறம் ஸ்கேலரும் மெல்லிய டயமண்ட் ஸ்ட்ரிப்பும் எடுத்து அரை மணி நேரம் ஈறில் ரத்தம் வரச் சுரண்ட வேண்டும். லைட் காட்டும் முன்பே ஃப்ளாஸை இடுக்கில் விட்டுப் பிடித்துக்கொண்டு, பீப் நின்றதும் பக்கவாட்டில் உருவிவிடுங்கள். ஜிர்கோனியா கிரவுனுக்கு இந்த ஒளியை நம்பவே வேண்டாம், ஒளி இல்லாமலும் தானாக இறுகும் டுவல் க்யூர் சிமெண்ட் போடுங்கள்.   

எல்லாப் பழியையும் கருவி மேல் போடுவது நியாயமில்லை. கனடாவில் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பிரைஸ் குழுவினர் பொம்மைத் தலையின் பல்லுக்குள் சென்சார் வைத்து அளந்தார்கள். ஒரே கருவி, ஒரே நேரம், ஆனால் கைக்குக் கை பல்லில் சேர்ந்த ஒளி வேறு. ஆரஞ்சுக் கண்ணாடி போட்டு முனையைப் பார்த்துக்கொண்டே பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் முன்னேற்றம் தெரிந்தது. நம்மில் பலர் கண் கூசும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோம். லென்ஸ் பக்கத்துப் பல்லுக்குப் போயிருக்கும். கருவிக்கு மேல் போடும் பிளாஸ்டிக் உறையின் தையல் லென்ஸின் மேல் வந்தாலும் ஒளி குறையும்.

டர்போவில் சூடும் உண்டு. 1965-இல் சாக், கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குரங்குப் பற்களில் பார்த்தார்கள்: பல்லின் நடுவிலுள்ள உயிருள்ள கூழில் 5.5 டிகிரி ஏறினாலே 15 சதவீதப் பற்களில் கூழ் செத்தது. ஈறோரத் தேய்மானக் குழியில், கூழை மூடியிருக்கும் டென்டின் மெலிந்த இடத்தில், தெரியாமல் டர்போவை மூன்று நான்கு தடவை அடுத்தடுத்து அடிப்பது யோசித்தாலே பதறுகிறது. சிரிஞ்சால் காற்று அடித்துக்கொண்டே காட்டுங்கள்.

சரி, பட்டனுக்கு வைத்தியம். பல்செட் செய்யும் கோல்ட் க்யூர் அக்ரிலிக்கில் தடுப்பு கட்டலாம் என்று தோன்றும். வேண்டாம், அதன் திரவமான மோனோமர் பட்டால் பிளாஸ்டிக் உடம்பு வெடிப்பு விடும். பல் அச்சு எடுத்து மிஞ்சிய அடிஷன் சிலிகான் புட்டி போதும். லேடெக்ஸ் கிளவுஸ் இல்லாமல் பிசையுங்கள், இல்லாவிட்டால் கந்தகத்தால் இறுகாது. உடம்பைச் சுற்றி 3 மி.மீ தடிப்பில் பட்டையாகப் போட்டு, இறுகியதும் பெரிய பட்டனுக்கு மட்டும் ஜன்னல் வெட்டுங்கள். மோடு பட்டன் அடியில் ஒளிந்துகொள்ளும். மோடு மாற்ற வேண்டுமென்றால் பட்டையைக் கழற்ற வேண்டும், அதுதான் தேவையும். மேலே பிளாஸ்டிக் உறை வழக்கம்போல.

பேட்டரி மாற்றம் இரண்டு நிமிட வேலை, அடியில் திருகினால் வந்துவிடும். காட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் ஒளி அணைய ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நண்பருக்குப் பதில்: வாங்காதீங்க. 6,500 இல்லை, 3,500-க்குக் கொடுத்தாலும் வேண்டாம். மோடு பட்டன் பின்பக்கம் இருக்கிற, அல்லது ஒரே மோடு உள்ள எதையாவது பாருங்கள்.

இங்கே இரண்டாவது நாற்காலிக்கு அதே மாடல்தான் ஆர்டரில் இருக்கிறது. பேட்டரியையும் ஸ்டாண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், அந்தத் தட்டைத் தலை வேறு எதிலும் கிடைக்கவில்லை. புட்டிப் பட்டை ஏற்கெனவே செய்து வைத்தாச்சு.