அலியா டைசனா: ஃபைட் நைட் ரவுண்ட் 4 எந்தப் பக்கம்?

குத்துச்சண்டை பார்க்கிற இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்: முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்? அந்த வாக்குவாதத்தையே அட்டைப்படமாகப் போட்டு விற்ற கேம் ஃபைட் நைட் ரவுண்ட் 4. 2009-ல் ஈஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்டது, பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும். கன்சோலும் பழசு, கேமும் பழசு. ஆனாலும் இந்த ஒரு வேலைக்கு நான் இன்னமும் இதைத்தான் எடுப்பேன்.

காரணம் தூரம். அலியின் ரீச் (இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம்) 78 அங்குலம், டைசனுக்கு 71. தாளில் பார்த்தால் வெறும் எண். கேமில் அந்த 7 அங்குலம் உங்கள் முகத்தில் வந்து விழும். டைசனை எடுத்து ஆடினால் முதல் நிமிடம் முழுக்க ஜாப் (முன்னால் நீட்டிய கையால் போடும் வேகமான நேர்க்குத்து) வாங்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும், கை நீட்டினால் காற்றுதான். தலையை ஆட்டி ஜாபுக்கு அடியில் புகுந்து நெஞ்சோடு நெஞ்சாக நின்றுவிட்டால் கதை மாறும்: அலியின் நீளமான கைகளுக்கு வீச இடமில்லை, அவர் குத்து பாதியிலேயே மோதி வலுவிழந்துவிடும், டைசனின் பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக்கும் கீழிருந்து மேலே ஏறும் அப்பர்கட்டும் மட்டும் முழு வேகத்தில் இறங்கும். ஒவ்வொரு குத்தும் எங்கே, எந்தக் கோணத்தில் படுகிறது என்று கணக்குப் போடுகிற கேம் என்பதால்தான் இது நடக்கிறது. ஆக, வாக்குவாதத்தில் நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிற 'உள்ளே புகுந்தால் டைசன், வெளியே நின்றால் அலி' என்பதைக் கையால் உணரலாம்.

நடு ரவுண்டுகளுக்கு வந்ததும் டைசன் ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். எல்லாக் குத்தையும் முழு பலத்தோடு போட்டால் ஸ்டாமினா கரைந்துவிடும், ரவுண்டுகளுக்கு நடுவே கார்னரில் கிடைக்கிற புள்ளிகளை வைத்துக் கொஞ்சம்தான் மீட்க முடியும். இது நிஜத்துக்கும் ஒத்துப்போகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த அதே டைசன், 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸின் ஜாபைத் தாண்டி வர முடியாமல் திணறி 10-வது ரவுண்டில் விழுந்தார். அலி ரசிகர்கள் எல்லோரும் முதலில் நீட்டுகிற ஆதாரம் அதுதான். டைசன் ரசிகர்களிடம் ட்ரெவர் பெர்பிக் இருக்கிறார்: 1981 டிசம்பரில் அலியைப் புள்ளிகளில் தோற்கடித்தவர், 1986 நவம்பரில் 20 வயது டைசனிடம் 2-வது ரவுண்டில் சுருண்டவர். இதை ஆதாரம் என்று கொண்டுவருகிறவர்களோடு நான் பேசுவதே இல்லை. அன்றைக்கு அலிக்கு 40 நெருங்கிக்கொண்டிருந்தது, அதுதான் அவருடைய கடைசிச் சண்டையும்கூட.

இங்கேதான் கேமின் பெரிய குறையும் இருக்கிறது. இந்த விவாதத்தில் முதல் கேள்வியே எந்த வருடத்து அலி என்பதுதான். 1966-ல் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை 3 ரவுண்டில் முடித்த, கால் தரையில் படாத அலியா? ராணுவத்தில் சேர மறுத்ததால் வந்த தடைக்காலம் முடிந்து திரும்பி வந்து, கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டே 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்திய அலியா? ஃபோர்மேன் விஷயமும் அப்படியே. 1973-ல் ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் 6 முறை கீழே தள்ளியவர் வேறு, 1994-ல் 45 வயதில் மைக்கேல் மூரரிடமிருந்து ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தவர் வேறு. கேம் இதற்குள் போவதே இல்லை. வேகம், பலம், தாடை (அடி தாங்கும் திறன்) என்று யாரோ உட்கார்ந்து போட்ட மார்க்கை வைத்து மணி அடிக்கிறது. பாதித் தீர்ப்பு அந்த மார்க்கிலேயே எழுதியாகிவிட்டது.

இது இன்றைய நோயும் இல்லை. 1967-ல் வெவ்வேறு காலத்துச் சாம்பியன்களைக் கம்ப்யூட்டர் கணக்கில் மோதவிட்ட வானொலிப் போட்டியில் பழைய சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தன்னைத் தோற்கவிட்டதற்காக அலி வழக்கே போட்டார். அப்புறம் அவரையும் இன்னொரு பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவையும் ரிங்கில் நடிக்கவைத்துப் படம்பிடித்து 1970 ஜனவரியில் திரையிட்டார்கள். அமெரிக்காவில் காட்டிய பிரதியில் மார்சியானோ 13-வது ரவுண்டில் நாக்அவுட் செய்தார், ஐரோப்பாவுக்கு அலி ஜெயிக்கிற முடிவு போனது. கம்ப்யூட்டருக்கே இரண்டு கருத்து! மார்சியானோ அந்த முடிவைப் பார்க்கவே இல்லை, படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கை அசைத்துத்தான் குத்த வேண்டும், அது பழகச் சில நாள் ஆகும். ஆரம்பத்தில் பட்டனை அழுத்திக் குத்தும் வசதியே கிடையாது, பின்னால் அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். வர்ணனை முதலில் நன்றாக இருக்கும், போகப்போக அதே வரிகள் திரும்பத் திரும்ப வரும். ஆனால் வர்ணனையாளர் டெடி அட்லஸ் குரல் கேட்கும்போது ஒரு சின்ன சுவாரஸ்யம்: டீன்ஏஜ் டைசனைப் பயிற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர்.

வாங்கினால் இரண்டு கன்ட்ரோலரோடு, எதிரணி நண்பர் ஒருவரோடு ஆடுங்கள். சமமாக ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அலியும் தோற்பார், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அலி-டைசன் சலித்துப்போனால் அலிக்கு எதிராக இன்னொரு ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸை எடுத்துப் பாருங்கள். 6 அடி 5 அங்குலம், ரீச் 84. எல்லோரையும் ஜாபால் தள்ளிவைத்தே பழகிய அலி ஆட்டக்காரர், முதல்முறையாகத் தானே உள்ளே புக வேண்டிய கட்டாயத்தில் நிற்பார். என் கணக்கில் டைசனைவிட அலிக்குத் தொல்லை தரக்கூடியவர் லூயிஸ்தான், ஆனால் அட்டையில் அவரைப் போட்டால் யார் வாங்குவார்கள்?