வீட்டு மெயில் சர்வருக்கு ஸ்பேம்அசாசினா, ஆர்ஸ்பாம்டியா?

இரண்டும் ஸ்பேமை, அதாவது வேண்டாத மெயிலை, வடிகட்டும் நிரல்கள். ஸ்பேம்அசாசின் 2001 முதல் இருக்கிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும். அவ்வளவுதான். திருப்பி அனுப்புவதும் தனி ஃபோல்டரில் போடுவதும் வேறு நிரலின் வேலை. அதன் பேயஸ் வடிகட்டி (மெயில்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பகுதி) வேலையைத் தொடங்கவே 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் காட்டிப் பழக்க வேண்டும்.

ஆர்ஸ்பாம்டி சி மொழியில் எழுதியது, வேகமானது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் நிரலுடன் மில்டராக, அதாவது துணை வடிகட்டியாக, இணைவதால் மெயில் வரும்போதே முடிவெடுக்கும்: வழக்கமான அமைப்பில் மதிப்பெண் 4 என்றால் 'கொஞ்ச நேரம் கழித்து வா', 6 என்றால் ஸ்பேம் குறி, 15 என்றால் வாசலிலேயே மறுப்பு. நாம் அனுப்பும் மெயில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பமும் அதுவே போடும். அப்புறம், எந்த விதிக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரௌசரிலேயே பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதன் பேயஸ் வடிகட்டிக்கு ரெடிஸ் என்ற தரவுத்தளத்தை நிறுவ வேண்டும்.

புதிதாக அமைப்பவர்கள் ஆர்ஸ்பாம்டியையே எடுங்கள். ஸ்பேம்அசாசின் ஏற்கெனவே ஒழுங்காக ஓடுகிறதா? சரி, மாற்ற வேண்டாம்.